பதினோரு நிமிடம்

ஆனைக்கல் அணையின் கட்டுப்பாட்டு அறைக்குப் பூங்கோதை போய்ச் சேர்ந்தபோது விபத்து நடந்து பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. மழை விட்டிருந்தது. மதகுகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த அந்தச் சின்ன அறையின் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் வெயிலில் சலனமில்லாமல் கிடந்தது. நாலு பேரைக் கொண்டுபோன தண்ணீர் என்று சொன்னால் நம்பமுடியாது.

அவள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே அரசுக் கணினித் திறன் அளவை நிலையத்தில் அவள் தலைமை அளவையர். திறன் சான்று இல்லாத எந்தக் கணினியையும் அரசு அலுவலகத்தில் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அணை, தீயணைப்பு நிலையம், மருத்துவமனை, ரயில் சிக்னல் என்று எங்கே ஒரு ஒர்க்ஸ்டேஷன் போனாலும் முதலில் அளவையரின் மேசைக்கு வந்துதான் போகவேண்டும். அளவையர் அதற்கு ஒரு கணக்கைக் கொடுப்பார். எத்தனை நிமிடத்தில் முடிக்கிறது என்று பார்ப்பார். மற்றக் கம்பெனிகளின் மெஷின்களையும் பக்கத்தில் வைத்து அதே கணக்கைக் கொடுத்து ஒப்பிடுவார். எது தேறியதோ அதை வாங்குவார்கள். அளவையர் எழுதியதை நீதிமன்றம்கூடக் கேள்வி கேட்பதில்லை. சட்டத்திலேயே அப்படித்தான் இருந்தது.

ஆனைக்கல்லில் இருந்த மெஷினும் அவள் தேர்ந்ததுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாலு கம்பெனிகள் போட்டிக்கு வந்தன. மலையில் பெய்த மழையையும் ஓடைகளின் நீர்மட்டத்தையும் உள்ளே கொடுத்தால், அணைக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்று சொல்லும் வெள்ளக் கணக்கு. ஒரு மெஷின் பத்தொன்பது நிமிடம் எடுத்தது. ஒன்று இருபத்துமூன்று. ஒன்று பதினாறு. ‘வேழம்’ என்று பெயர் வைத்திருந்த நாலாவது மட்டும் பதினோரு நிமிடத்தில் முடித்தது. மின்சாரமும் மற்றவற்றில் பாதிதான் குடித்தது. பூங்கோதைக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. நல்ல மாடு பிடித்துக்கொடுத்த தரகன் மாதிரி அதை ரெண்டு மூன்று பேரிடம் சொல்லிக்கூடப் பீற்றிக்கொண்டாள்.

விசாரணை அதிகாரி நடந்ததை விவரித்தார். பணியில் இருந்தவர் உதவிப் பொறியாளர் தவசிமுத்து. மாலை நாலு மணிக்கு மலையில் மேகம் உடைத்துக்கொண்டு கொட்டியது. கணக்கு வராமல் மதகைத் தொடக்கூடாது என்பது அணை விதி. கணக்கு வந்தது ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு. அது, இன்னும் கால் மணி நேரத்தில் அணை நிரம்பி வழியும் என்றது. தவசிமுத்து சங்கை ஊதவிட்டு ஏழு மதகையும் ஒரே நேரத்தில் திறந்தார். சங்குச் சத்தமும் தண்ணீரும் கிட்டத்தட்டச் சேர்ந்தே கீழே போயின. கீழக்கரட்டூர் தரைப்பாலத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி வந்துகொண்டிருந்தது. டிரைவரும் சுமை ஏற்றுகிறவர்கள் மூன்று பேரும்.

“கணக்கை நாலு பத்துக்கே ஓட விட்டதா இவர் சொல்றார்,” என்றார் அதிகாரி. “மெஷின் பதிவுல நாலு ஐம்பத்தொண்ணுன்னு இருக்கு. நடுவுல நாற்பத்தோரு நிமிஷம். அந்த நாற்பத்தோரு நிமிஷம் இருந்திருந்தா பாலத்தை அடைச்சிருக்கலாம்.”

தவசிமுத்து கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயது. சவரம் செய்யாத முகம். சட்டைப் பையில் இன்னும் துறையின் அடையாள அட்டை இருந்தது.

“சுவர்க் கடியாரத்தப் பாத்துட்டுத்தாம்மா அமுக்கினேன்,” என்றார். “நாலு பத்து. பெறகு திரையப் பாத்துக்கிட்டே நின்னேன். ஓடிக்கிட்டிருக்குன்னுதான் காட்டுச்சு.”

“பதிவுல வேற மாதிரி இருக்குங்களே,” என்றாள் பூங்கோதை.

“அதுதான் எனக்கும் வெளங்கல.”

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பூங்கோதை வேலையைத் தொடங்கினாள். அன்றைய மழை, அன்றைய நீர்மட்டம், மொத்தம் அறுபத்திரண்டு எண்கள். எல்லாவற்றையும் மனிதர்தான் பார்த்துப் பார்த்து அடிக்கவேண்டும். ஓடைகளில் வைத்த கருவிகள் வெள்ளத்தில் அடித்துப்போவதால், மலையிலிருந்து ஆட்கள் வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்ல அறையில் இருப்பவர் உள்ளிடுவது வழக்கம். பூங்கோதை பள்ளிக்கூடம் படிக்கும்போதே டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். அவள் விரல் ஒரு எண்ணில்கூடத் தவறாது. அடித்துவிட்டு ஓட விட்டாள். பதினோரு நிமிடம். மெஷினை அணைத்து மறுபடி போட்டு அதையே செய்தாள். பதினோரு நிமிடம். முதல் நாள் பதினைந்து முறை, இரண்டாம் நாள் பதினைந்து முறை. முப்பதும் பதினோரு நிமிடம், சில விநாடிகள் முன்னே பின்னே.

இரண்டாம் நாள் மாலை அவள் பையை மூடிக்கொண்டிருந்தபோது தவசிமுத்து உள்ளே வந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க உக்காந்தா ஓடுது. நான் ஒரு தடவ உக்காந்து பாக்கட்டுமா? நீங்க பக்கத்துலயே நில்லுங்க.”

அதிகாரி, “அதுக்கெல்லாம் விதியில இடமில்ல,” என்றார்.

உண்மைதான். சோதனையின்போது அளவையர் கை தவிர வேறு கை படக்கூடாது. ஆனால் சிறப்பு அனுமதி என்று ஒன்று உண்டு. ஒரு கடிதம் எழுதி, ஒரு நாள் காத்திருந்தால் கிடைக்கும். அதிகாரிக்குத் தெரியாவிட்டாலும் பூங்கோதைக்கு அது தெரியும். அவளுக்கு ஆறே முக்காலுக்கு ரயில். இரண்டு நாளாக அதே எண்களை அடித்துத் தோள் வலித்தது. அதைவிட, அந்தக் கேள்வி கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகவும் பட்டது. அகப்பட்டுக்கொண்டவர் எதையாவது பிடித்துத் தொங்கத்தானே செய்வார்.

“அவசியம் இருக்காதுங்க,” என்றாள். “முப்பது தடவையும் ஒரே மாதிரி வந்திருக்கு.”

தவசிமுத்து மெஷினைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “சரிம்மா. உங்களுக்குத் தெரியாததா,” என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. அவள் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

‘இக்கணினியில் தாமதம் ஏற்பட வாய்ப்பில்லை’ என்று ரயிலிலேயே அறிக்கை எழுதி முடித்தாள். தவசிமுத்துவை வேலையிலிருந்து நீக்கினார்கள். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு நடந்து பதினோரு மாதம் சிறையில் இருந்தார். செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. பூங்கோதை அதைப் படித்தாள். பாவமாக இருந்தது. ஆனாலும் அளவு அளவுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் கழித்து, அவிநாசி சாலையில் ஒரு பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்கி அவள் விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஐந்தாம் நாளே நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

மேசையில் ஒரு வேழம் இருந்தது. மாவட்ட மருத்துவமனை ஒன்றிலிருந்து மறுசான்றுக்கு வந்தது. உடன் வேலை பார்க்கும் ஹமீது, “வுடுங்க அக்கா, நான் பாத்துக்கறேன்,” என்றான். அவன் மென்பொருள் பிரிவு. அளவையர் பயிற்சியும் முடித்திருந்தான். “பொழுது போகணுமே,” என்று சொல்லி அவளே உட்கார்ந்தாள்.

எல்லா மெஷினுக்கும் வைக்கிற அதே வெள்ளக் கணக்குத்தான் மருத்துவமனை மெஷினுக்கும் சோதனை. இடது கையால் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி அடித்தாள். ஏழு வரவேண்டிய இடத்தில் எட்டு விழுந்தது. அழித்தாள். புள்ளி விட்டுப்போனது. திரும்பிப் போய்ச் சேர்த்தாள். ஒருவழியாக முடித்துப் பத்தரைக்கு ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து ஐம்பது. பதினொன்று. பதினொன்று பதிமூன்றுக்குத்தான் விடை வந்தது.

மெஷினில் ஏதோ பழுது என்று எழுதப் போனவள், பழக்கத்தில் பதிவைத் திறந்து பார்த்தாள்.

தொடங்கிய நேரம்: 11.02. முடித்த நேரம்: 11.13. எடுத்துக்கொண்ட நேரம்: பதினோரு நிமிடம்.

அவள் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஹமீதைக் கூப்பிட்டாள்.

“நீ இதே எண்களை அடி.”

அவன் அடித்தான். பதினோரு நிமிடம். அவள் மறுபடி இடது கையால் அடித்தாள். முப்பத்தொன்பது. பிறகு ஹமீதிடம், “வேணும்னே தப்புத் தப்பா அடிச்சு அழிச்சுத் திருத்து,” என்றாள். இருபத்தெட்டு. பதிவில் மட்டும் எல்லாமே பதினொன்று. அன்று சாயந்திரத்துக்குள் ஹமீதின் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு ஓட்டத்தையும் சுவர்க் கடிகாரம் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்தான். நாலு நாளில் அறுபது ஓட்டம்.

ஐந்தாம் நாள் அவன் மெஷினுக்குள் இருந்த மென்பொருளைத் தோண்டிப் பார்த்துவிட்டு அவளெதிரே வந்து உட்கார்ந்தான்.

“இதுக்குள்ள தானாக் கத்துக்கற பகுதி ஒண்ணு இருக்குங்க அக்கா. எந்த வேலைக்கு எவ்வளவு சக்தி குடுக்கறதுன்னு அதுதான் முடிவு பண்ணுது. ஃபேக்டரியில அதுக்கு ரெண்டே ரெண்டு பாடம் சொல்லிக் குடுத்திருக்காங்க. சோதனையில வேகமா இருக்கணும். மத்த நேரம் மின்சாரத்தை மிச்சம் பண்ணணும்.”

“சோதனைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“சோதனை பண்றவங்க தப்பே இல்லாம அடிப்பாங்க. ஒரே சீரா அடிப்பாங்க. உங்களை மாதிரி.” கொஞ்சம் தயங்கினான். “தப்பும் திருத்தமுமா அடிக்கறவங்க பெரும்பாலும் என்ன செய்வாங்க? ஓட விட்டுட்டு, ‘ஐயோ, ஒரு எண்ணு தப்பாப் போச்சே’ன்னு நிறுத்திட்டு மறுபடி குடுப்பாங்க. மொதல்ல ஓடினதெல்லாம் வீண் மின்சாரம். அதனால அந்த மாதிரி கையைப் பாத்தா வேலையை வாங்கி ஓரமா வெச்சுட்டு, திருத்த வருவாங்களான்னு பொறுத்துப் பாக்குது. வரலைன்னா அப்புறம் எடுத்து ஓட்டுது. எடுத்த நேரத்தைத்தான் தொடங்கின நேரம்னு எழுதுது. அது பொய் சொல்லலைங்க. அதுக்குத் தொடக்கம் அப்பத்தான்.”

“திரையில ஓடுதுன்னு காட்டுதே?”

“கையில வாங்கியாச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

“எவ்வளவு நேரம் பொறுக்கும்?”

“தப்பு எத்தனையோ அத்தனை. கை எவ்வளவு தடுமாறுதோ அவ்வளவு அதிகம்.”

பூங்கோதை எழுந்து ஜன்னலருகே போனாள். மேகம் உடைத்துக் கொட்டுகிற மலை. வயர்லெஸ்ஸில் கத்துகிற ஆட்கள். ஏறிக்கொண்டே வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அறுபத்திரண்டு எண்களை அடிக்கிற ஒரு மனிதன். அவன் கை நடுங்காமல் இருக்குமா? எத்தனைக்கெத்தனை பயந்தானோ அத்தனைக்கத்தனை அந்த மெஷின் காத்திருந்திருக்கிறது.

“இத்தனை வருஷம் யாரும் கவனிக்கலையா?” என்று கேட்டாள்.

“கவனிச்சிருப்பாங்க. ‘இன்னிக்கு மெஷின் யோசிக்குது’ன்னு சொல்லிச் சிரிச்சிருப்பாங்க. நாமளே எத்தனை தடவை கேட்டிருக்கோம்? பதிவைப் பாத்தா எல்லா ஊர்லயும் பதினொண்ணு. மனுசன் காத்திருந்த நேரத்தை எழுதறதுக்குப் பதிவுல இடமே இல்லைங்க அக்கா.”

நீங்க உக்காந்தா ஓடுது. தவசிமுத்து அன்று சொன்ன அந்த வாசகத்தை அவள் அறிக்கையில் குறிப்பாகக்கூடச் சேர்க்கவில்லை.

முறைப்படி அன்றே இயக்குநருக்கு எழுதினாள். இயக்குநர் நல்லவர்தான். படித்துவிட்டுப் பதறிப்போய்க் கம்பெனிக்கு உடனே தகவல் அனுப்பினார். கம்பெனியும் உடனே வேலை செய்தது. ஒன்பதே நாளில் மாநிலத்தில் இருந்த ஆயிரத்து நூறு வேழங்களுக்கும் இணையம் வழியாகத் திருத்தம் போய்ச் சேர்ந்தது. பத்தாம் நாள் பூங்கோதை இடது கையால் எத்தனை தப்போடு அடித்தும் மெஷின் பதினோரு நிமிடத்தில் விடை தந்தது. பழைய குணத்தைக் காட்டுவதற்கு ஒரு மெஷின்கூட மிச்சம் இல்லை.

“நல்லதுதானேம்மா, சரியாயிடுச்சே,” என்றார் இயக்குநர்.

“ஆனைக்கல் கேஸை மறுபடி எடுக்கணும் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எதை வெச்சு எடுக்கறது? உங்க ஓட்டமெல்லாம் மாவுக்கட்டோட செஞ்சது, ஹமீதுக்கு இன்னும் சான்றுரிமையே வரல. உடல் தகுதி இல்லாத அளவையர் எடுத்த அளவு செல்லாதுன்னு நம்ம விதியே சொல்லுது. அன்னிக்கு அணையில எடுத்த முப்பது செல்லும். இந்த அறுபது செல்லாது. அதோட, இது ஒரு கேஸோட நிக்குமா? எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை தீயணைப்பு நிலையம்? ஒவ்வொண்ணா வந்து கேப்பாங்க. யோசிச்சுச் செய்யுங்க. இத்தனை வருஷமா உங்க அளவை ஒருத்தரும் குறை சொன்னதில்ல.”

பூங்கோதை நாலு நாள் யோசித்தாள். நாலு நாளும் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த ரயிலை விட்டிருந்தால் அடுத்த நாளும் ஒரு ரயில் இருந்தது.

தன் பழைய அறிக்கை தவறு என்றும், சிறப்பு அனுமதிக்கு வழி இருந்தும் தான் கேட்கவில்லை என்றும் ஒரு வாக்குமூலம் எழுதினாள். வக்கீல் ஒருவரைப் பார்த்தாள். சம்பந்தப்பட்டவரின் கையெழுத்து இல்லாமல் மேல்முறையீடு போடமுடியாது என்றார் அவர். அதனால் தவசிமுத்து இருக்கும் சங்கரன்கோவிலுக்குப் புறப்பட்டாள்.

ஒரு சின்ன சந்தில் வீடு. முன்னறையில் பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தவசிமுத்துவின் மனைவி செல்வக்கனி இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறாள். தவசிமுத்து தரையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பூங்கோதையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்தார்.

“வாங்கம்மா. கோயம்புத்தூர்லருந்தா வாரிய? கையில என்ன கட்டு?” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “கனி, அணைக்கு வந்தாங்கல்லா, அந்த மேடம்.”

செல்வக்கனி கிரைண்டரை நிறுத்தினாள். வா என்று சொல்லவில்லை.

பூங்கோதை எல்லாவற்றையும் சொன்னாள். ஹமீது தனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில், கூடியவரை எளிமையாக. மெஷின் காத்திருந்தது என்றாள். நீங்கள் நாலு பத்துக்கு அமுக்கியது உண்மை என்றாள். “தப்பு எங்க மேலதாங்க. என் மேல,” என்று முடித்தாள்.

தவசிமுத்து பாக்கெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் தலையை மெல்ல ஆட்டினார்.

“இல்லம்மா,” என்றார். “நான்தான் லேட்டாக்கினேன்.”

பூங்கோதைக்கு அவர் சொன்னது விளங்கவில்லை.

“செயிலுக்குள்ள இருக்கையில நாள் பூரா அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். மெஷின் பொய் சொல்லுமா? நீங்க ரெண்டு நாளா முப்பது தடவ பாத்திய, ஒண்ணுலகூடப் பெசகல. அப்ப பெசகு எங்கிட்டதானே இருக்கணும்? நெனச்சு நெனச்சுப் பாத்ததுல ஒருநாள் தெளிவா ஞாபகம் வந்துட்டு. எண்ணெல்லாம் அடிச்சு முடிச்சுட்டு நான் சன்னல்கிட்டப் போயி நின்னேன். மழையப் பாத்தேன். அமுக்க மறந்துட்டேன். கண்ணாடியில தண்ணி வழியுறதுகூட ஞாபகம் இருக்கு. பெறகு பதறிப்போய் வந்து அமுக்கியிருக்கேன்.”

“அப்படி நடக்கலைங்க,” என்றாள் பூங்கோதை. “அது நடக்கவே இல்லை.”

“வெளிய வந்ததும் நாலு வீட்டுக்கும் போனேன். என் கவனக்கொறவுதான், மன்னிச்சுருங்கன்னு கால்ல விழுந்தேன். ரெண்டு வீட்டுல கதவத் தெறக்கல. ஒரு வீட்டுல அழுதாங்க. டிரைவர் ஆறுமுகத்தோட அப்பா மட்டும், ‘உக்காருய்யா, சாப்புடு’ன்னாரு.” கையிலிருந்த பாக்கெட்டின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். “இப்ப நான் அங்க போயி என்ன சொல்ல? நான் இல்ல, மெஷின்தான்னு சொல்லவா? அவருக்குப் புள்ள போனது போனதுதானே.”

அதுவரை சுவரோரமாக நின்றிருந்த செல்வக்கனி அப்போதுதான் பேசினாள். பூங்கோதையைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அன்னைக்கு நாலு பன்னெண்டுக்கு நான் போன் பண்ணினேன். மழை இப்படிக் கொட்டுதே, வீட்டுக்கு வந்துருவியளான்னு கேக்கதுக்கு. ‘கணக்க ஓட விட்டிருக்கேன், பெறகு பேசுதேன்’னு சொல்லிட்டு வச்சாரு. விசாரணையில சொன்னேன். போன் பண்ணினது பதிவுல இருக்கு, என்ன பேசினியன்னு இல்லையேன்னுட்டாங்க. பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னு எழுதிக்கிட்டாங்க. சரி, ஊரு நம்பல, போகட்டும். இவுக செயில்லருந்து வந்த அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னாக தெரியுமா? ‘எனக்காவப் பொய் சொல்லாத கனி, பாவம் சேரும்’னாக.”

“ரெண்டு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம்,” என்றாள் செல்வக்கனி. “நான் பொய்க்காரியாவே இருக்கேன்.”

தவசிமுத்து மனைவியை நிமிர்ந்து பார்த்தார். எதையோ எட்டிப் பிடிக்க முயல்கிறவர் போல அவர் முகம் இறுகியது. கண்களை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

“நீ சொல்லுத,” என்றார். “இந்தம்மாவும் சொல்லுதாங்க. சரியாத்தான் இருக்கும். ஆனா கண்ண மூடுனா எனக்குச் சன்னல்தான் வருது.”

மெஷினுக்கு ஒன்பது நாளில் திருத்தம் அனுப்பிவிட்டார்கள். இவருக்கு என்னத்தை அனுப்புவது? கிளம்பும்போது பூங்கோதை வக்கீல் தந்த காகிதத்தை எடுத்து வைத்தாள். தவசிமுத்து அதைத் தொடவில்லை. செல்வக்கனிதான் எடுத்துப் படித்தாள். பிறகு பேனாவை அவர் கையில் வைத்து, “எனக்காவப் போடுங்க,” என்றாள். அவர் போட்டார்.

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. ஹமீது எடுத்த படங்களைப் போட்டுக் காட்டினார்கள். கம்பெனி முதலில் மறுத்தது. திருத்தத்தை எதற்காக அனுப்பினீர்கள் என்று நீதிபதி கேட்டபிறகுதான் ஒப்புக்கொண்டது. பூங்கோதையின் சான்றுரிமை பாதி வழக்கிலேயே ரத்தானது. அவள் அதை எதிர்க்கவில்லை. எந்த மெஷினையும் அதை நாளும் பயன்படுத்துகிற ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் கையாலும் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று விதியை மாற்றினார்கள். தவசிமுத்து குற்றமற்றவர், அவர் கணக்கை நாலு பத்துக்கே தொடங்கினார், அவர் மனைவியின் சாட்சியம் நம்பத்தக்கதாகவே இருந்தது என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வந்த மறுநாள் காலை செல்வக்கனி போன் செய்தாள். அந்த அம்மாள் தானாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

“தீர்ப்பு நகல் வந்துட்டும்மா. மொத்தத்தையும் வாசிச்சுக் காட்டினேன்.”

“என்ன சொன்னாருங்க?”

“நல்லதுன்னாரு. பெறகு சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்பினாரு. எங்கன்னு கேட்டேன். ஆறுமுகத்தோட அப்பாவுக்குக் கண்ணு தெரியலையாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். மாசம் ரெண்டு தடவ போறதுதான்.”

பூங்கோதை கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஏற்கெனவே பலமுறை கேட்டாயிற்று. அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தபோது செல்வக்கனியின் குரல் மறுபடி வந்தது.

“நான் சொன்னது நெசம்னு கோர்ட்டு சொல்லிட்டும்மா. அவுக இன்னும் சொல்லல.”